சிமிட்டி போகாத போட்டி

அக்கா செத்து மூன்று மாதம் ஆகிறது. துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லாம் அவள் வைக்கிற குழம்பைப் பற்றிச் சொல்கிறார்கள். மாமியாரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவள் என்கிறார்கள். அவள் நாய் பழக்கினவள் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. எனக்குப் படிப்பு ஐந்தாவதோடு நின்றுவிட்டது. ஆனாலும் அதை நான்தான் எழுதவேண்டும்.

அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் அப்பா கேட் வாட்ச்மேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஆபீசர் பங்களாக்கள், இந்தப் பக்கம் எங்கள் லைன் வீடுகள். ஆலை விழாவில் வருடா வருடம் நாய்ப் போட்டி வைப்பார்கள். அழகுக்கு இல்லை, சொன்ன சொல்லைக் கேட்கிறதா என்று பார்க்கிற போட்டி. ஆபீசர்கள் மைதானத்தில் தங்கள் நாய்களைப் பழக்குவதை அக்கா வேலியோரம் நின்று பார்ப்பாள். வீட்டுக்கு வந்து அதையே எங்கள் நாயிடம் செய்வாள். சிமெண்ட் மாதிரியே சாம்பல் நிறத்தில் ஒரு தெருநாய். சிமிட்டி என்று பெயர் வைத்திருந்தோம்.

கருவாட்டுத் துண்டைக் காட்டிக் காட்டியே எல்லாம் பழக்கிவிட்டாள். தூரத்தில் நின்று கையைத் தாழ்த்தினால் சிமிட்டி படுத்துவிடும். நாங்கள் ஆளுக்கொரு விறகுக் கட்டையைத் தொட்டுப் போட்டால், அக்கா தொட்டதை மட்டும் மோந்து எடுத்துவரும். ஒன்றுதான் வரவில்லை. "இரு" என்று சொல்லிவிட்டு ஆள் மறைவில் போய் நிற்கவேண்டும். திரும்பி வரும்வரை நாய் எழுந்திருக்கக் கூடாது. அக்கா பம்ப் ரூமுக்குப் பின்னால் போனதுமே சிமிட்டி தேடிக்கொண்டு ஓடிவந்துவிடும்.

"கண்ணுல படலன்னா ஒலகமே போச்சுன்னு நெனைக்குதுடி இது" என்று சிரிப்பாள். ஆனால் விடமாட்டாள்.

அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஆபீசரிடம் போய்க் கேட்டார். அவர்களுக்கும் வேடிக்கையாக இருந்திருக்கும், அக்கா பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு அக்கா சாப்பிடவே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவள் வயசுக்கு வந்தாள். மாமா அரும்பாவூரிலிருந்து பச்சை ஓலையை பஸ் மேலே போட்டுக் கொண்டுவந்து, வீட்டுக்குப் பக்கத்தில் குச்சு கட்டினார். வாசலில் குறுக்கே உலக்கையைப் போட்டார்கள். அக்காவை உள்ளே உட்காரவைத்தார்கள்.

"கொஞ்ச நேரந்தாம்மா. போயிட்டு ஒடனே வந்து ஒக்காந்துக்கறேன்."

"சபையில நாயோட நிப்பியாடி? எவன் கட்டுவான் ஒன்ன?" என்றாள் அம்மா.

"அப்பா, நீங்க சொல்லுங்கப்பா."

அப்பா அவளைப் பார்க்கவில்லை. "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பிவிட்டார்.

போட்டி அன்று லைன் வீடே காலி. அம்மா அடுப்படியில் உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருந்தாள். நான் குச்சு வாசலில், சிமிட்டி என் பக்கத்தில். மைதானத்து மைக் இங்கே வரைக்கும் கேட்டது. ஒவ்வொரு நாயாகக் கூப்பிட்டார்கள். பிறகு அக்கா பெயர். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அக்கா பெயர். "வாட்ச்மேன் பொண்ணு வரலையா?" என்று மைக்கிலேயே யாரோ கேட்டார்கள், சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஓலைக்குப் பின்னாலிருந்து அக்கா குரல் வந்தது. "சிமிட்டி, ஒக்காரு."

உட்கார்ந்தது.

"படு."

படுத்தது. ஆள் தெரியவில்லை, கை தெரியவில்லை, வெறும் குரல்தான்.

"இரு."

அதற்குப் பிறகு அக்கா பேசவே இல்லை. சிமிட்டி உலக்கைக்கு இந்தப் பக்கம் தலையை நிமிர்த்திக்கொண்டு அப்படியே கிடந்தது. கோழி குறுக்கே ஓடியது, திரும்பவில்லை. அடுப்படியில் கருவாடு இருந்தது, அதன் மூக்குக்குத் தெரியாமலா இருக்கும்? மைதானத்தில் கைதட்டி, பரிசு கொடுத்து, பாட்டுப் போட்டார்கள். அது அசையவில்லை.

"எழுந்திருச்சிச்சாடி?"

"இல்லக்கா! அப்படியே கெடக்குது! ஜெயிச்சிட்டமாக்கா?"

உள்ளிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஓலைக்குள் புழுக்கம், சளி பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

"இனிமே சிமிட்டி ஒன்னோட நாய்டி. நீயே வெச்சுக்க. அடுத்த வருசம் நீ கூட்டிட்டுப் போ."

"நெசமாவா? அப்புறம் கேக்கக் கூடாது!"

"கேக்க மாட்டேன்."

நான் எழுந்து "வா சிமிட்டி" என்றேன். வரவில்லை. ஓலையையே பார்த்துக்கொண்டிருந்தது. கழுத்தைப் பிடித்து இழுத்தும் எழவில்லை.

"போ" என்றாள் அக்கா, உள்ளிருந்து. "அவகூடப் போ."

அப்போதுதான் எழுந்தது. நான் அதைக் கூட்டிக்கொண்டு, மைதானத்திலிருந்து திரும்பி வருகிறவர்களிடம் எல்லாம் இனிமேல் இது என் நாய் என்று கத்திக்கொண்டே ஓடினேன். அக்காவுக்கு நாய் சலித்துப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.