கோயில் வண்டி ஏன் வெடித்தது

"ஆன்டி, உங்க வீட்டுக்காரரு கைவச்ச பிறகுதான் வண்டி வெடிக்குது. அதுக்கு முன்ன அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு."

மலேசியாவில், கிள்ளானில் என் வீடு, காலை ஏழு மணி, அடுப்பில் தோசை. போனில் பண்டமாரான் கோயில் செயலாளர் சுப்ரா. என்னைவிட நாலு வயது மூத்தவர், என்னை ஆன்டி என்கிறார். கோல்ஃப் பக்கி ரிப்பேர் என்பது வண்டியைப் புருஷனும் வசவைப் பெண்டாட்டியும் வாங்கிக்கொள்கிற தொழில். வீட்டுப் போர்ச்சில் பட்டறை வைத்திருப்பவரைக் கட்டிக்கொண்ட சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போனில்

அது பெட்ரோல் பக்கி, கோல்ஃப் மைதானத்தில் ஓடுமே அந்தச் சின்னத் திறந்த வண்டி. நடக்க முடியாதவர்களைக் கார் பார்க்கிலிருந்து கோயில் வாசலுக்கு ஏற்றிப்போவது. ஆயுத பூஜைக்கு முன்னால் சர்வீசுக்கு வந்து, பூஜை முடிந்து திரும்பிப் போனது.

"என்ன பெட்ரோல் ஊத்துறீங்க? போன வருஷத்து மிச்சமா?" என்றேன். கான்வென்ட் சிஸ்டர்களிடம் நான் உருப்படியாகக் கற்றது ஒன்றுதான்: குற்றச்சாட்டை நாம் முந்திக்கொண்டு வைக்க வேண்டும்.

சுப்ரா மசியவில்லை. "நேத்து ஊத்தின பெட்ரோல் ஆன்டி. ஞாயித்துக்கிழமை திருவிழா. இப்படியே வெடிச்சா வயசானவங்க எல்லாம் வெயில்ல நடக்கணும். ஏறவே மாட்டேங்கிறாங்க லா."

கார் பார்க்கில்

என் கணவர் சேகர் சாப்பிட மட்டும் வாய் திறப்பவர். டார்ச் பிடிக்க என்னைக் கூட்டிப்போனார். புது பிளக் போட்டார். சைலன்சர் இணைப்பை முறுக்கினார். முட்டி வலியோடு கோயிலுக்கு வந்திருந்த ராஜம்மா ஆன்டி, கைத்தடியோடு தைரியமாக ஏறி உட்கார்ந்தார். வண்டி சமர்த்தாகப் போனது. வாசலில் சுப்ரா பெடலிலிருந்து காலை எடுத்தார். டமார்.

ராஜம்மா ஆன்டி யார் கையையும் பிடிக்காமல் இறங்கினார். "முட்டி போனா போகட்டும் தம்பி, உசிரு இருக்கணும். இனி நான் நடந்தே வரேன்."

சீட்டுக்கு அடியில்

ஓடும்போது வெடிக்கவில்லை, காலை எடுக்கும்போதுதான் வெடிக்கிறது. சேகர் அதையே பிடித்துக்கொண்டார். இந்த வண்டியில் காலை எடுத்தால் இஞ்சின் அணையும். அதற்குள், இஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் கார்புரேட்டரின் வாய் மூடியிருக்க வேண்டும். மூடாவிட்டால், எரியாத பெட்ரோல் சூடான சைலன்சருக்குள் போய் வெடிக்கும்.

சீட்டைத் தூக்கினார். "டார்ச்சைக் கிட்டக் காட்டு."

காட்டினேன். கார்புரேட்டர் வாயை மூடும் ஸ்பிரிங் மேல் கெட்டியாகக் காய்ந்த சந்தனம். நடுவில் லட்சணமாக ஒரு குங்குமப் பொட்டு.

ஆயுத பூஜையன்று எங்கள் போர்ச்சில் நின்ற நாலு வண்டிக்கும் சீட்டைத் தூக்கிச் சந்தனம் பூசியது யார் என்று சுப்ரா கேட்கவில்லை. நான் டார்ச்சைச் சட்டென்று வேறு பக்கம் திருப்பியதிலேயே தெரிந்திருக்கும்.

சேகர் சுரண்டி, கழுவி, ஸ்பிரிங்கைக் கையால் இழுத்து விட்டார். கார்புரேட்டர் வாய் டக்கென்று மூடியது. சுப்ரா மூன்று சுற்று ஓட்டினார், மூன்று தடவை காலை எடுத்தார். சத்தமே இல்லை. நாலாவது சுற்றில் ராஜம்மா ஆன்டி கைத்தடியைக் குறுக்கே நீட்டி வண்டியை நிறுத்தி ஏறிக்கொண்டார். "மெதுவா போ தம்பி. ஞாயித்துக்கிழமை முதல் ஆளா என்னைத்தான் ஏத்தணும்."

வீடு திரும்பும்போது லோரியில் சேகர் அதிசயமாக முழு வாக்கியம் பேசினார்.

"அடுத்த பூஜைக்கு ஸ்டியரிங்குக்கு மட்டும் பொட்டு வை, மல்லிகா, சரியா?"

"இதைப் பூஜைக்கு முன்னாடியே நீங்க சொல்லியிருக்கணும்" என்றேன், சிஸ்டர்களிடம் கற்றது வீண்போகக் கூடாதே என்று.