புளி போட்டுத் தேய்த்த மோட்டார் சைக்கிள்

எங்கள் வீட்டு ரசத்தில் அந்த வருஷம் முழுவதும் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. மிகையாகச் சொல்லவில்லை. ரசம் கொதிக்கும் அடுப்புக்குப் பக்கத்திலேயே, அம்மாவின் குழம்புச் சட்டியில், அப்பாவின் மோட்டார் சைக்கிள் சங்கிலி மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும். பிசைந்த சோற்றை வாயருகே கொண்டுபோனாலே குமட்டும். அப்பாவோ கருத்த விரல்களோடு எதிரில் உட்கார்ந்து, "சாப்பிடு, சாப்பிடு, வாடை என்ன செய்யும்?" என்று நிம்மதியாகச் சாப்பிடுவார். இத்தனை காலம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குப் பசி போய்க் கோபம் வந்துவிடுகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அப்பா பினாங்குத் தீவின் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் "கிராணி", அதாவது குமாஸ்தா. கடலுக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது கழித்துப் போட்ட மோட்டார் சைக்கிளை வாங்கி, பட்டர்வொர்த்தில் படகேற்றி, இக்கரையில் மாட்டு வண்டியில் போட்டுக் கொண்டுவந்து எங்கள் வீட்டு நடுமுற்றத்தில் இறக்கினார். சக்கரம் சுற்றவில்லை, விளக்கு இல்லை, துரு மட்டும் குறைவில்லாமல் இருந்தது. அம்மா அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இந்தப் பிணத்தையா காசு கொடுத்து வாங்கினீங்க?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் "பிணம்" என்றே பெயர்.

அப்பா அதை வாங்கியது எனக்காகத்தான். சிறு வயதில் வந்த காய்ச்சலில் என் வலது கால் சூம்பிப் போயிருந்தது. வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடப்பேன், தெருவில் முடியாது. எட்டு வயதாகியும் எனக்கு எழுத்துத் தெரியாது. "வர்ற விஜயதசமிக்காச்சும் கொண்டாந்து விடுங்க. அதுக்கப்புறம் சின்னப் பிள்ளைங்களோட இவளை எப்படி உட்கார வைக்கிறது?" என்று தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மோட்டார் சைக்கிளைச் சரிசெய்து, பக்கத்தில் ஒரு இருக்கைப் பெட்டி மாட்டி, அதில் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவது என்பது அப்பாவின் திட்டம்.

நல்ல திட்டம்தான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் வாசலில் இறங்கிக் கைதட்டினால் ரிக்சா வந்து நிற்கிற ஊர் எங்களுடையது. அம்மா அதைச் சொன்னபோதெல்லாம் அப்பாவுக்குச் சுரீர் என்று வரும். "கிராணி மகளுக்குக் காலு வெளங்கலைன்னு தெனமும் ஊருக்குத் தமுக்கடிக்கணுமா? எம்மக ராணி மாதிரி போவா" என்பார். ராணிக்கு வேண்டியிருந்தது ஒரு சிலேட்டும் உட்கார ஒரு பலகையும்தான். அதை யார் கேட்டார்கள்!

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வண்டி முடிந்துவிடும், திங்கட்கிழமை மறுபடி பிரிந்து கிடக்கும். சீனர் ஒருவரிடம் பிரம்பு நாற்காலி ஒன்றை வளைத்துப் பின்னச்சொல்லி இருக்கைப் பெட்டி செய்தார்; அது நன்றாகவே வந்தது, ஆனால் வண்டியின் பச்சை வர்ணத்துக்கு அது எடுப்பாக இல்லையென்று வண்டியைச் சுரண்டி அரக்கு வர்ணம் அடித்தார். அப்புறம் கைப்பிடி தாழ்ந்திருந்தது, அதை உயர்த்தினார். உயர்த்தியதும் விளக்கு கோணலாகத் தெரிந்தது, அதைக் கழற்றினார். எப்போது கேட்டாலும், "இன்னும் ஒரே ஒரு வேலைதான் பாக்கி" என்பார். பக்கத்து மளிகைக்கடை ராவுத்தர் தினமும் எட்டிப் பார்த்து, "என்ன கிராணியாரே, இது ஓடுமா, இல்லே கட்டிப்போட்டுப் பால் கறக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார். எனக்குச் சிரிப்பு வராது, அழுகைதான் வரும்.

நவராத்திரி வந்தது. ஆயுத பூசைக்கு முந்தின நாள் வண்டி நிஜமாகவே முடிந்திருந்தது. பெட்ரோலும் காற்றும் கலந்து எஞ்சினுக்குப் போகிற பித்தளைக் குடுவையை மட்டும் ஒரே ஒரு வேலைக்காகக் கழற்றி, ஸ்பானர்களோடு வைத்துவிட்டு அப்பா ஆபீசுக்குப் போய்விட்டார். அம்மா பூசைக்கு எடுத்து வைக்க எல்லாவற்றையும் கழுவினாள். பித்தளை கறுத்திருந்தால் எங்கள் வீட்டில் என்ன செய்வார்களோ அதைத்தான் அதற்கும் செய்தாள்: குத்துவிளக்கோடு சேர்த்து, புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்தேய் என்று தேய்த்தாள். காய்ந்ததும் சந்தனம் குழைத்து, குடுவையில் அழகாக இருந்த சின்னத் துவாரத்தின் மேலேயே பொட்டு வைத்தாள். அப்பா சாயங்காலம் வந்து பார்த்து, "அடேயப்பா, தங்கம் மாதிரி இருக்கே!" என்று பூரித்துப் போனார். பூசைக்கு வைத்ததை ஆயுத பூசை நாள் முழுவதும் தொடக்கூடாது என்பதால் அது சாமி படத்தடியில் மின்னிக்கொண்டே இருந்தது.

விஜயதசமி காலையில் அப்பா குடுவையை எடுத்து வண்டியில் மாட்டினார். பட்டுப் பாவாடை கட்டி, பூ வைத்து, என்னைப் பிரம்பு இருக்கையில் உட்கார வைத்தார்கள். எங்கள் ஊரில் வீட்டு வரிசைக்கு முன்னால் ஓடும் நடைபாதையை "அஞ்சடி" என்போம். அந்த அஞ்சடி முழுவதும் ஆட்கள். நாலு சக்கரத்தடியிலும் வைக்கத் தயாராக அம்மா எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள். மூன்று சக்கரந்தான் என்று தெரிந்ததும் ஒன்றை என் மடியில் போட்டாள். அப்பா உதைத்தார். உதைத்தார், உதைத்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதைத்தார். வண்டி இருமக்கூட இல்லை. குடுவையைக் கழற்றி ஊசியால் குத்தியபோது சாம்பலும் சந்தனமும் புளிச் சக்கையும் வந்தன.

"உன்னை யாருடி இதைத் தேய்க்கச் சொன்னது?"

"தேய்க்காம சாமி முன்னால வைக்கிறதா? தங்கம் மாதிரி இருக்குன்னு சொன்னது யாரு?"

அப்பா அஞ்சடியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கழற்ற ஆரம்பித்தார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மடியிலிருந்த எலுமிச்சம்பழத்தை வண்டிமேல் எறிந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். கடைத்தெருவுக்குக்கூடத் தனியாகப் போய் அறியாதவள், என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கி, "மாரி சினி! செக்கோலா, லெக்காஸ்!" என்று தனக்குத் தெரிந்த நாலு மலாய்ச் சொல்லில் ரிக்சாவைக் கூவி அழைத்து, பள்ளிக்கூடத்துக்குச் சீக்கிரம் விடச்சொன்னாள். அப்பா தலை நிமிரவில்லை.

"ஏம்மா இவ்வளவு நேரம்?" என்று வாத்தியார் கேட்டார். "வண்டி கொஞ்சம் மக்கர் பண்ணிடுச்சுங்க, அவங்க பின்னாலயே வர்றாங்க" என்று அம்மா கூசாமல் பொய் சொன்னாள். வாத்தியார் என் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைத்தபோது நான் எழுத்தைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை எஞ்சின் கிளம்பிற்று. தெருவே அதிர்ந்தது. "நாளைக்கு நம்ம வண்டியில போறோம்" என்று அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். மறுநாள் காலை எழுந்து பார்த்தால் வண்டி பிரிந்து கிடந்தது; சத்தம் சற்று அதிகமாம், ஒரே ஒரு வேலை பாக்கியாம். ரிக்சாதான் வந்தது. அதன்பிறகு தினமும் அதே சீன ரிக்சாக்காரர் வந்தார்; அவர் மணியோசை கேட்டதும் அப்பா ஸ்பானரை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவார்.

அந்த மோட்டார் சைக்கிள் கடைசியில் பழைய இரும்புக்குப் போயிற்று. ரிக்சா இழுத்தவர்கள் போய்விட்டார்கள், ராவுத்தர் கடை போய்விட்டது, எங்கள் வீடிருந்த இடத்தில் மின்சாமான் விற்கிறார்கள். அப்பாவும் போய் வெகுகாலமாகிறது. அவருக்கு என்மேல் பாசமில்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். ஆனாலும் ஆறவில்லை. பள்ளிக்கூடம் அப்படியொன்றும் தூரமில்லை; சொல்லியிருந்தால் அந்தச் சீனர் ரிக்சாவை மெதுவாகத்தான் இழுத்திருப்பார். ஒரு நாளாவது அப்பா என் பக்கத்தில் நடந்து வந்திருக்கலாம்.