அண்ணன் சொன்ன ‘இல்லை’

பக்கவாதம் வந்தபிறகு அண்ணனால் பேசவோ தலையசைக்கவோ நினைத்தபடி கண் சிமிட்டவோ முடியவில்லை. ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் அவர் முனகுவது எங்கள் காதுக்கு ஒன்றாகவே கேட்டது.

பெங்களூரில் சிப் வடிவமைப்பது என் வேலை. தினமும் ரயிலில் போய்வந்த களைப்போடு, ராபர்ட்சன்பேட்டை வீட்டில் அவருக்காக ஒரு சர்க்யூட்டை வளர்த்தேன். வளர்த்தேன் என்பதுதான் சரி. நான் எதையும் வரையவில்லை. கண்டபடி அமைந்த சர்க்யூட்டுகளில், அந்த முனகல்களைக் கொஞ்சமாவது பிரித்தறிந்தவற்றைக் கணினி கலந்து கலந்து புதியவற்றை உண்டாக்கியது, உயிரினங்கள் தலைமுறைதோறும் மாறுவதைப் போல. விடை தெரிந்த கேள்விகளையே நான் திரும்பத் திரும்பக் கேட்க, அண்ணனும் சலிக்காமல் முனகிக்கொடுத்தார்.

இடையில் ஒருநாள், அவர் தூங்குவதாக நினைத்து அண்ணி என்னிடம் சொன்னார்: “என்னால முடியல தம்பி. இவரு போய்ச் சேர்ந்துட்டா தேவலாம்னு இருக்குது.”

நான் மறுக்கவில்லை. எனக்கும் அலுத்திருந்தது. திரும்பினால், அண்ணன் விழித்திருந்தார். அண்ணி கவனிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்க்யூட் தேறியது. ஆமாம் என்றால் பச்சை விளக்கும் இல்லை என்றால் சிவப்பும் தவறாமல் எரிந்தன. அண்ணி கட்டிலருகே உட்கார்ந்தார்.

“இன்னாங்க, அன்னிக்கு நான் தம்பிகிட்ட சொன்னது உங்க காதுல விழுந்துச்சா?”

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு முனகினார். சிவப்பு எரிந்தது.

“மிஷின் சரியாத்தான் சொல்லுதா தம்பி?”

“சரியாத்தான் சொல்லுது அண்ணி.”

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கஞ்சி எடுத்துவரப் போனார்.

அண்ணன் சொன்னதைச் சர்க்யூட் பிசகாமல் சொல்லிவிட்டது. ஏன் அப்படிச் சொன்னார் என்று அவரிடம் கேட்கத்தான் எனக்கு இன்னும் வாய் வரவில்லை.