ஹுலிகெவ்வாவின் முப்பத்தொன்றாவது பை

கட்டிலின் கால்மாட்டில் ஒண்டி உட்கார்ந்து, பிள்ளை பெற்றவளின் முழங்காலுக்குக் கீழே வலது கையை வைத்தபடி, ஹுலிகெவ்வா அவளோடு சேர்ந்து மூச்சு விடுகிறாள். அவள் இழுத்தால் இவளும் இழுக்கிறாள். அவள் விட்டால் இவளும் விடுகிறாள். பார்வை சன்னலில் இருக்கிறது. வாயில் பாக்கு. பத்துப் பன்னிரண்டு மூச்சு அப்படிப் போனதும் எழுந்து, "நடக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறாள்.

அவளிடம் இரண்டே அளவுகள்தான்: நடக்குது, ஓடுது. தன் மூச்சு மற்றவளின் மூச்சுக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறினால் அது ஓடுது. கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு பதினான்கு முறை சோதித்திருக்கிறேன். நிமிடத்துக்கு இருபத்தாறைத் தாண்டினால்தான் அந்தச் சொல் வரும். ஒரே ஒரு முறை இருபத்து நான்கிலேயே சொன்னாள். அன்று அவளுக்குச் சளி பிடித்திருந்தது.

எங்கள் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் அவள் இருபத்திரண்டு வருடமாக ஆயா. பணிப் பதிவேட்டின்படி வயது ஐம்பத்தொன்று. "அது வாத்தியார் போட்ட கணக்குண்ணா, எங்கம்மா கணக்குல நாப்பத்தொம்பது" என்பாள். பகலுக்கு இரண்டு சோள ரொட்டியும் வேர்க்கடலைப் பொடியும் கொண்டுவருவாள். ஒன்றைத் தின்பாள். இன்னொன்று, சொந்தக்காரர் யாரும் வராமல் தனியே கிடப்பவளுக்கு.

ரத்த வங்கியின் பதிவேடுகள் முப்பத்தாறு வருடமாக என் பொறுப்பு. அவற்றில் இவள் பெயரை முப்பத்தொரு முறை எழுதியிருக்கிறேன். வார்டில் யாருக்காவது ரத்தம் வேண்டும் என்றால் வீட்டு ஆண்கள் தேநீர் குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். இவள் கடைக்கே போய்ப் பிடிப்பாள்.

"ஏப்பா, கோயில் ஜாத்திரையில கிடாயை ஒரே வெட்டா வெட்டுறவன்தானே நீ? ஒரு ஊசிக்கு இப்படி வேர்க்குது?"

"ரத்தம் குடுத்தா வயல்ல வேலை செய்ய முடியாதாம்மா."

"நாலு பெத்தவ நான் குடுத்துட்டு நேரா தரை துடைக்கப் போறேன். உனக்கென்ன, வயித்துல ஏழு மாசமா?"

கடை சிரிக்கும். அந்த ஆள் எழுந்து வருவான்.

சென்ற வருடம் ஆகஸ்ட் பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை. சரணம்மா என்ற இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு இரண்டாவது பிரசவம். குழந்தை நன்றாக இருந்தது. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. காலை ஒன்பதரைக்குள் போக்கை நிறுத்திவிட்டார்கள். இரண்டு பை சிவப்பணுவும், ரத்தத்தின் மஞ்சள் நீரான பிளாஸ்மாவில் ஒரு பையும் ஏறி முடிந்தன. இரண்டாவது பிளாஸ்மாப் பை ஏறிக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளின் தலையையும் காதையும் சேர்த்துத் துணியால் இறுக்கிக் கட்டுவார்கள். காற்று பட்டால் சன்னி வரும் என்று பயம். சரணம்மாவின் மாமியார் தேவக்கா துணியைக் கட்டி, சன்னலைச் சாத்தி, கம்பளியைக் கழுத்துவரை இழுத்து மருமகளை மட்டமாகப் படுக்க வைத்திருந்தாள். சரணம்மாவுக்கு மூச்சு வாங்கியது. தேவக்கா இன்னொரு கம்பளியைப் போர்த்தினாள்.

பதினொன்று பத்துக்கு ஹுலிகெவ்வா காலில் கை வைத்தாள். ஆறாவது மூச்சிலேயே எழுந்துவிட்டாள்.

"சிஸ்டர், ஓடுது."

சுனந்தா சிஸ்டர் அடுத்த கட்டிலில் இருந்தார். "அவ்வளவு ரத்தம் போயிருக்கு, ஹுலிகெவ்வா. ஓடத்தான் செய்யும்."

"ரத்தம் போனதால ஓடுற மூச்சு பை ஏற ஏற அடங்கணும் சிஸ்டர். இது ஏற ஏற கூடுது. ஒன்பதரைக்கு நடந்துச்சு. இப்ப என்னால பின்னாலயே போக முடியல."

சிஸ்டர் வந்து பார்த்தார். பிறகு குழாயின் திருகை மூடினார். ஹுலிகெவ்வா சன்னலைத் திறந்து, கம்பளிகளை உருவி எறிந்து, தலைக்கட்டை அவிழ்த்து, சரணம்மாவின் முதுகுக்குப் பின்னால் தன் உடம்பையே தலையணையாகக் கொடுத்து நிமிர்த்தினாள். தேவக்காவின் கூச்சல் கீழே ரத்த வங்கிவரை கேட்டது.

"ரத்தம் இல்லாமக் கிடக்குறவளுக்கு ஏறுன பையையும் நிறுத்திட்டாளுங்களே! சன்னலைத் திறந்துட்டாளே பாவி! இவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னை விட மாட்டேன்டி!"

"ஆகட்டும் யவ்வா, விடாதே. முதல்ல அந்தப் பக்கம் பிடி."

டாக்டர் இம்தியாஸ் வந்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். நுரையீரல் இரண்டிலும் நீர் கோத்திருந்தது. பதினொன்று நாற்பதுக்கு சரணம்மாவை மூச்சு இயந்திரத்தில் சேர்த்தார்கள். பாதி காலியான பை, குழாயோடு என் மேசைக்குத் திரும்பி வந்தது.

இப்படி ஒரு பை திரும்பினால் கொடுத்தவர் யார் என்று பார்த்து, அவர் ரத்தத்தின் மற்ற பகுதிகள் குளிர்பெட்டியில் இருந்தால் ஒதுக்கிவைக்க வேண்டும். எண்ணைத் தேடினேன். ஜூன் மூன்று, என் கையெழுத்து. பெயர் ஹுலிகெவ்வா. அவளுடைய முப்பத்தொன்றாவது பை. அதன் சிவப்பணுக்கள் ஜூனிலேயே வேறொருவருக்குப் போய்விட்டிருந்தன; அவர் நலம். முந்தைய முப்பதின் தடத்தையும் அன்று மாலைவரை தேடினேன். யாருக்கும் மூச்சு முட்டியதாகக் குறிப்பு ஒன்றும் இல்லை. குறிப்பு இல்லை என்பதும் நடக்கவில்லை என்பதும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும்.

டாக்டர் அவளிடம் தாமே சொன்னார். பிள்ளை சுமக்கும்போது சில பெண்களின் ரத்தத்தில் ஒருவகை எதிர்ப்பொருள் உண்டாகி அப்படியே தங்கிவிடும். அவர்களுக்கு அதனால் தீங்கில்லை. எப்போதாவது, வேறொருவர் உடம்பில் ஏறும்போது, அது நுரையீரலைச் சீண்டி நீர் கசிய வைக்கும். பெங்களூருக்கு மாதிரி அனுப்பியிருக்கிறது. உறுதியாகும்வரை கொடுக்க வேண்டாம்.

"பிள்ளை பெத்ததாலயா சார்?"

"ஆமாம்மா. உன் தப்பு இல்லை."

"நாலு பெத்தவன்னு கடையில நின்னு பீத்திக்கிட்டேனே." வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அடுத்த நாள் அவள் எந்தக் காலிலும் கை வைக்கவில்லை. தரையை மட்டும் துடைத்தாள். மூன்று முறை துடைத்ததை நானே பார்த்தேன். வியாழக்கிழமை சுனந்தா சிஸ்டர் அவள் தோளைப் பிடித்து இயந்திரத்தின் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "திரை நம்பரைக் காட்டுது. எனக்கு உன் வாயால கேக்கணும்."

ஹுலிகெவ்வா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். "இது மிஷின் மூச்சு சிஸ்டர், இதுல நான் என்னத்தைச் சொல்ல?" என்றாள். ஆனால் எழுந்து போகவில்லை.

வெள்ளிக்கிழமை பகல் இரண்டே காலுக்கு இயந்திரத்தை எடுத்தார்கள். சரணம்மா இருமினாள், தானாக இழுத்தாள். ஹுலிகெவ்வா அவளோடு சேர்ந்து இழுத்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள். தேவக்கா இரண்டு பேரின் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நடக்குது" என்றாள் ஹுலிகெவ்வா.

மாதிரி அனுப்பிய பத்தொன்பதாம் நாள் பெங்களூரிலிருந்து முடிவு வந்தது. எதிர்ப்பொருள் உண்டு. இனி அவள் ரத்தம் கொடுக்கக் கூடாது.

ஒரு மாதம் கழித்து சரணம்மா குழந்தையோடும் மாமியாரோடும் சோதனைக்கு வந்தாள். ரத்தம் கொடுத்தவர் பெயரை நோயாளிக்குச் சொல்லக் கூடாது என்பது விதி. ஹுலிகெவ்வாவிடம் அந்த விதியை இரண்டு முறை சொன்னேன். "அது உங்க விதி அண்ணா. நீங்க சொல்லாதீங்க. நான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு நேராகப் போய்ச் சொன்னாள்.

தேவக்கா மருமகள் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். பிறகு: "மூச்சு முட்ட வச்ச ரத்தமும் உன்னோடது. அதை நிறுத்தச் சொன்ன வாயும் உன்னோடது. உன்னைத் திட்டுறதா கும்பிடுறதா? எனக்கு ஒண்ணும் புரியல. இந்தா, இவனைப் பிடி, நான் மருந்துச் சீட்டு வாங்கிட்டு வரேன்."

ஹுலிகெவ்வா குழந்தையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சரணம்மா அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

கொடையாளர் பதிவேட்டில் இப்போது ஒரு பத்தி கூடியிருக்கிறது: எத்தனை முறை கருவுற்றார். பிள்ளை பெற்ற பெண்களின் பிளாஸ்மாவைத் தனியே ஒதுக்கிவிடுகிறோம். அந்தப் பத்தியின் முதல் வரியில் ஹுலிகெவ்வாவின் விவரத்தை எழுதி, எதிரே 'நிறுத்தம்' என்று சிவப்பு மையில் குறித்தேன். எழுதும்போது அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். "வரி நேரா இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

போன வெள்ளிக்கிழமை காலை பத்து ஐந்துக்கு ரத்த வங்கியின் கதவு திறந்தது. ஹுலிகெவ்வா ஓர் ஆளை மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். நெல் மில்லில் மூட்டை தூக்கும் அவளுடைய கணவர் பசப்பா. ஆறடி. நெற்றியெல்லாம் வியர்வை.

"எழுதுங்க அண்ணா. வயசு ஐம்பத்து நாலு. பிள்ளை ஒண்ணும் பெறலை."

"ஏய், நாளைக்கு வரேன்டி. இன்னிக்குக் காலையில சரியாச் சாப்பிடலை..."

"அஞ்சு ரொட்டி தின்னீங்க. நான்தான் தட்டிப் போட்டேன். உக்காருங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். ஊசி நெருங்கியதும் ஹுலிகெவ்வா தன் உள்ளங்கையால் அவர் கண்களைப் பொத்தினாள். அவர் கை முறுக்கித் தளர்ந்தது; குழாயில் சிவப்பு இறங்கியது. பை நிறையும்வரை, ஆறு நிமிடம் நாற்பது விநாடி, அவள் கையை எடுக்கவில்லை.