தூரமோ என்று மட்டும் கேட்டேன்

இரண்டு வருடங்களுக்கு முந்திய ஈஸ்டர் விடுமுறை. ஒஸ்லோவில் உள்ளவர்கள் பனிச்சறுக்குக் கட்டைகளைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு மலைக்குப் போக, நாங்கள் மூன்று பெண்கள் விமானம் ஏறி, ஸ்பெயினின் தெற்கே உள்ள பாலைவனத்துக்குப் போய் ஒரு வாடகைக் கார் எடுத்தோம். எங்களுக்கு ஒரு பைத்தியம் உண்டு. முன்பின் தெரியாத யாரோ ஒரு சின்னப் பெட்டியை எங்காவது ஒளித்து வைத்து, இடத்தின் குறிப்பை இணையத்தில் போட்டுவிடுவார். போனைப் பார்த்துப் பார்த்து அதைத் தேடிப் பிடித்து, பெயர் எழுதிவிட்டு, திரும்ப அங்கேயே வைத்துவிட்டு வரவேண்டும். ஜியோகாஷிங் என்று பெயர். பரிசு ஒன்றும் கிடையாது. என் கணவர் இதைக் குப்பை பொறுக்குகிற விளையாட்டு என்பார்.

நான் ஒஸ்லோவின் அம்மருட்டில் மாடிவீட்டில் இருக்கிறவள். ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிப் போன என் சிநேகிதி, யாழ்ப்பாணத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். மூன்றாவது ஆள் பேர்கனில் பிறந்து வளர்ந்து, வேலைக்கு ஒஸ்லோ வந்த ஒரு தமிழ்ப் பிள்ளை; நாங்கள் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

சிநேகிதிக்கு முழங்கால் நோ. நீரிழிவுக்கு ஊசியும் போடுகிறவள். அன்று காலை ஒரு குன்றில் பெட்டி தேட நாங்கள் ஏறியபோது அவளைக் காரிலேயே விட்டுவிட்டோம். காருக்கு நல்ல காவல்காரி கிடைத்தாள் என்று நான் பகிடியும் விட்டேன். அவளும் சிரித்தாள்.

மத்தியானம், காய்ந்து கிடந்த ஆற்றோரம் காரை நிறுத்தி, அதன் நிழலில் பாணும் சம்பலும் சாப்பிட்டோம். சிநேகிதி இரண்டு வாய் தின்றுவிட்டு எழும்பினாள். தொப்பியைப் போட்டாள், தண்ணீர்ப் போத்தலை எடுத்தாள். போட்டு வாறன் என்று விடைசொல்லிக்கொண்டு நின்றாள். தங்கச்சி "எங்கை..." என்று வாயெடுக்க, நான் அவளின் தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளினேன். வெளிக்கிடுகிற ஆளைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கலாமா? போகிற காரியம் கெட்டுவிடும். எங்கள் ஆட்கள் "தூரமோ?" என்றுதான் கேட்பார்கள். நானும் அப்படியே கேட்டேன். கிட்டத்தான் என்றாள். இன்னும் கொஞ்சநேரம் நின்றாள். எங்காவது ஒதுங்கப் போகிறாளாக்கும் என்று நினைத்து நான் சம்பலில் கவனமானேன்.

சாப்பாட்டுப் பெட்டி காலியாகி, கார் நிழல் மறுபக்கம் போன பிறகும் அவளைக் காணவில்லை. கூப்பிட்டோம். பதில் இல்லை. கார்க் கதவைத் திறந்த தங்கச்சியின் முகம் மாறியது. சிநேகிதியின் கைப்பை பின் இருக்கையில் கிடந்தது. சீனி இறங்கினால் தின்ன அவள் வைத்திருக்கும் பேரீச்சம்பழமும் ஜூஸும் அதற்குள்தான் இருந்தன.

போனுக்குத் தொடர்பு இல்லை. அருகில் இரண்டு பெட்டிகள் இருப்பதாக வரைபடம் காட்டியது. ஒன்று ஆற்றுப் பள்ளத்துக்குள், மற்றது பின்னால் இருந்த மலையின் உச்சியில். பெட்டி இருக்கும் இடத்தைத் துல்லியமாகச் சொல்லும் போனுக்கு எங்கள் ஆள் போன திசை தெரியவில்லை. தங்கச்சி பொறுமை இழந்தாள்.

"அக்கா, நோர்வேயில பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு முதல் சொல்லிக் குடுக்கிறதே இதுதான். மலைக்குப் போனால் எங்கை போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போகவேணும்."

காரில் போய் உதவி கூட்டி வருவோம் என்றாள். சிநேகிதி திரும்பி வந்தால் வருவதற்கு இந்தக் கார்தான் இருக்கிறது, நான் தேடுகிறேன், நீ விட்டு விட்டு ஹோர்ன் அடி என்றேன். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கும்வரை நான் வராவிட்டால் மட்டும் போவதாகத் தங்கச்சி ஒத்துக்கொண்டாள்.

முழங்கால் நோகிறவள் மலை ஏறமாட்டாள் என்று கணக்குப் போட்டு, அவளின் கைப்பையையும் எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினேன். இருபக்கமும் களிமண் சுவர். என் குரலை அவை அப்படியே விழுங்கின. பெட்டி இருந்த இடத்தைப் பிடித்தேன். அதை மறைத்திருந்த கற்களுக்கு மேல் சிலந்திவலை அறுபடாமல் இருந்தது. அவள் இங்கே வரவேயில்லை. அதிலேயே குந்தி அழுதேன். பிறகு எனக்கே என்னில் கோபம் வந்தது. அவளைக் கூட்டிக்கொண்டுதான் விமானம் ஏறுவது என்று எழும்பினேன்.

தூரத்தில் ஹோர்ன் கேட்டது. அது நின்றதும் மேலேயிருந்து மெல்லிய சத்தம். தகரத்தில் கல் தட்டுகிற சத்தம். ஹோர்ன் மறுபடி அடித்து ஓய்ந்ததும் மறுபடி அதே தட்டல். கைப்பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நாலு காலில் தவழ்ந்து ஏறினேன்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, ஒரு பாறையில் சாய்ந்து காலை நீட்டி இருந்தாள். முகமெல்லாம் வியர்வை, கை நடுக்கம். மடியில் மலை உச்சித் தகரப் பெட்டி. எங்களுக்குக் காட்ட எடுத்துக்கொண்டு இறங்கும்போது முழங்கால் மடங்கிவிட்டதாம். கூப்பிடப் பலமில்லாமல் தட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். ஜூஸை வாயில் வைத்துக் குடிக்க வைத்தேன். பழத்தைத் தின்றாள். மெல்ல மெல்ல முகம் தெளிந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு அவளில் கோபம் வந்தது.

"ஏனடி சொல்லாமல் வந்தனீ?"

"சொல்லத்தானே நிண்டனான்" என்றாள். "எங்கை போறாய் எண்டு ஒராளாவது கேப்பியள், காவல்காரி மலை உச்சிக்குப் போறாள் எண்டு சொல்லுவம் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். நீ தூரமோ எண்டு கேட்டுப்போட்டுச் சம்பலைப் பாக்கத் தொடங்கிட்டாய்."

அவளைத் தோளில் தாங்கியும், நிலத்தில் இருத்தி மெல்ல மெல்ல அரக்கியும் கீழே கொண்டுவந்து சேர்த்தேன். எங்களைக் கண்ட தங்கச்சி ஹோர்னிலிருந்து கையை எடுக்காமலே அழுதாள்.

இப்போது எங்கள் வீட்டு வாசலில் யார் சப்பாத்துப் போட்டாலும் எங்கை போறியள் என்று கேட்கிறேன். கணவர் முகத்தைச் சுளித்து, சகுனம் பிழைத்துவிட்டதென்று உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறார். குடிக்கட்டும். போட்டு வாறன் என்று சொன்ன பிறகும் வாசலில் ஒராள் நின்றால், அவருக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது, நாங்கள் கேட்பதற்காகத்தான் நிற்கிறார் என்று அந்த மலையில்தான் எனக்கு உறைத்தது.