நாலு மணி பஸ்ஸும் சைக்கிள்காரர்களின் அட்டையும்

நேற்று மத்தியானம் ஒரு பெண் என் கடை முன்னால் சைக்கிளை நிறுத்தினாள். தலையில் ஹெல்மெட், முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. இறங்கியதும் இறங்காததுமாகக் கைப்பேசியை எடுத்துக் கடையை ஒரு படம் பிடித்தாள். கல்லாவில் உட்கார்ந்திருந்த நானும் அதில் விழுந்திருப்பேன். அவள் காலில் தடவியிருந்த தைலத்தின் வாசம் வந்ததுமே, இவள் அந்த நெடுந்தூரச் சைக்கிள் கூட்டத்து ஆள்தான் என்று தெரிந்துவிட்டது. நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பேனாவைப் பிடித்துக்கொண்டு, "அட்டையக் குடு சாமி, கையெழுத்துப் போட்டுத் தாரேன்" என்றேன்.

"அட்டையெல்லாம் இப்ப இல்லீங்க ஆயா. படம் புடிச்சாப் போனே நேரத்தப் போட்டுக்கும்" என்று சிரித்தாள். பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நல்ல பெண்தான். குறை சொல்ல மாட்டேன்.

அந்தத் தைல வாசம் எனக்கு ரொம்பப் பழையது. சின்ன வயதில் எங்கள் சந்தைத் திடலில் ஒருத்தர் ஏழு நாள் கால் கீழே படாமல் சைக்கிள் சுற்றினார். குளிப்பதும் சோறு தின்பதும் அதன் மேலேயேதான். கிட்டே போனால் இதே வாசம். "ஏழு நாள் ஓட்டியும் இந்தாளு நம்மூரத் தாண்டலையே" என்று என் அப்பா சிரிப்பார். அதனால்தான், பிற்காலத்தில் சேலத்துப் பல் டாக்டர் ஒருவர் கடைக்கு வந்து, "ஒரே நாள்ல இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டறோமுங்க்கா" என்றபோது, "எந்தத் திடல்லீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

திடலில் இல்லை. விடிகாலை ஆறு மணிக்குச் சேலத்தில் ஏறி, நாமக்கல், கரூர் எல்லாம் தாண்டிப் போய்த் திரும்பிச் சேலம் வர வேண்டும். என் டீக்கடை நாமக்கல்லை விட்டுச் சேலம் போகிற சாலையில் இருக்கிறது. திரும்பி வருகிறவர்களுக்கு நூற்றைம்பதாவது கிலோமீட்டர் சரியாக என் கடை வாசலில் விழுகிறதாம்.

"முதல்ல வந்தா என்னங்க குடுப்பீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க்கா. முதல்ல வந்தாலும் கடைசியா வந்தாலும் ஒண்ணுதான். நேரத்துக்குள்ள வந்தாப் போதும்."

"அப்ப எதுக்குங்க இந்த வெயில்ல?"

"ஒரு நாளாச்சும் யாரு வாயையும் பாக்காம இருக்கலாமுல்லீங்க" என்றார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அவர் கேட்டதும் பெரிய வேலை இல்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு மஞ்சள் அட்டை இருக்கும். வந்த நேரத்தை அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நாலு மணிக்கு மேல் வந்தால் அந்த ஓட்டம் செல்லாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எண் நன்றாக வரும். எழுத்தில் என் பெயர் மட்டும் வரும். ஆறு எழுத்து. அந்த அட்டை கப்பலேறி வெளிநாடு போய்ச் சரிபார்த்து வரும் என்று டாக்டர் சொன்னதும், நான் அன்றைக்கென்று பட்டுக்கரை வைத்த சேலை கட்டிக்கொண்டேன். டீக்கடையில் தாசில்தார் மாதிரி உட்கார்ந்திருந்தேன் என்று என் மகள் இன்றைக்கும் கேலி பேசுவாள்.

ஒவ்வொருவராக வந்தார்கள். வாழைப்பழம் தின்றார்கள், மோர் குடித்தார்கள், காலை நீட்டி உட்கார்ந்தார்கள். நான் சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து, முள் காட்டுகிறதை அப்படியே எழுதி, பெயரைப் போட்டேன். எனக்குப் பெயர் எழுத நேரமாகும். அவர்கள் நின்றார்கள்.

கடைசியாக மாதேஸ் வந்தார். எடப்பாடியில் தறி ஓட்டுகிறவர். மற்றவர்களுடையது எல்லாம் விரலால் தூக்கிவிடலாம் போல் இருந்த சைக்கிள். இவருடையது கேரியர் வைத்த கறுப்புச் சைக்கிள். வழியில் டயர் வெடித்துவிட்டதாம், போனும் அணைந்துவிட்டதாம். "மணி என்னங்க்கா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார். கடிகாரத்தில் நாலு ஏழு.

"நேரம் தாண்டிருச்சே சாமி."

அவர் கேரியரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இது மூணாவது தடவைங்க. ரெண்டு தடவை பாதியில நின்னுட்டேன். இந்தத் தடவையும் ஆகலைன்னா தறியில ஒருத்தனும் லீவு மாத்திவிட மாட்டான். சும்மா போயிட்டுச் சும்மா வாரவன்னே பேரு வெச்சுட்டானுங்க."

"கூட்டிக் குறைச்சு எழுத மாட்டேனுங்க."

"எழுதச் சொல்லலீங்க்கா. மணி என்னவோ அதையே எழுதுங்க."

எழுதினேன். 4.07. ஆறு எழுத்தையும் போட்டேன். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "ஊடு போக எப்படியும் ஓட்டித்தானே ஆகோணும்" என்று ஏறிப் போனார். நேர்மையாக இருந்துவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தபோது ராசிபுரம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மற்ற பஸ் எப்படியோ, அது மட்டும் சரியாக நாலு மணிக்குக் கடையைத் தாண்டும். பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு பத்து.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகள் கல்லூரிக்குப் போன காலத்தில், அவள் பஸ்ஸை விட்டுவிடக் கூடாது என்று அந்தக் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்திருந்தேன். அவளைக் கட்டிக்கொடுத்த பிறகும் அப்படியே ஓடியது. தினமும் பார்க்கும்போது பத்தைக் கழித்துக்கொள்வேன். மனசு தானாகக் கழிக்கும். அன்றைக்கு மட்டும் கழிக்கவில்லை. அட்டையில் எழுதுவது சர்க்கார் வேலை மாதிரி, கண்ணில் தெரிகிறதைத்தான் எழுத வேண்டும் என்று நினைத்துவிட்டேன். அந்த மனுஷன் வந்தது மூன்று ஐம்பத்தேழுக்கு.

நல்லவேளை, சேலம் போகிற முட்டை வண்டி வந்தது. கடையைப் போட்டது போட்டபடி விட்டு, பேனாவை நூலோடு பிடுங்கிக்கொண்டு முன்னால் ஏறினேன்.

"சீக்கிரம் போ சேகரு."

"பின்னால பூராவும் முட்டைங்க. சீக்கிரம் போனா ஆம்லெட்டுத்தான் எறக்கோணும்" என்றான் டிரைவர். அன்றைக்குத்தான் தெரிந்தது, முட்டை வண்டியும் சைக்கிளும் ஏறக்குறைய ஒரே வேகம் என்று. நாலைந்து மைல் போய், ஒரு பாலத்து ஏற்றத்தில்தான் அவரைப் பிடித்தோம். நான் போட்ட சத்தத்தில் பயந்துபோய் நின்றார்.

"எதையாச்சும் கடையில வெச்சுட்டு வந்துட்டனுங்களா?"

"நாந்தான் என் புத்தியக் கடையில வெச்சுட்டேன். அட்டையக் குடு சாமி."

முட்டை அடுக்குகிற அட்டை ஒன்றை அடியில் கொடுத்து, 4.07ஐ அடித்து, 3.57 என்று எழுதினேன். அடித்த இடத்தில் கையெழுத்து வேண்டுமே. லாரிகள் போகிற காற்றில் சேலை பறக்கிறது. அவருக்கோ ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். "பாதிப் பேரு போதுமா?" என்று கேட்டேன்.

"முழுசாப் போடுங்க்கா. நிக்கறேன்" என்றார்.

ஏழரைக்குள் சேலம் சேர வேண்டும், ஏழேகாலுக்குச் சேர்ந்துவிட்டாராம். ஆனால் அடித்து எழுதிய அட்டை செல்லுமா? அடுத்த ஞாயிறு டாக்டரே அட்டையோடு வந்து நின்றார். "அடிச்சதும் நானு, எழுதுனதும் நானு. ரெண்டு கையெழுத்தும் ஒண்ணான்னு பாருங்க" என்றேன். அவர் சுவரைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சிரித்தார்.

"அப்ப எல்லாருக்குமே பத்து நிமிஷம் கூடத்தான் எழுதியிருக்கீங்க!"

ஆமாம். மாதேஸைத் தவிர வந்தவர்கள் கையிலெல்லாம் கடிகாரம் இருந்தது. ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. நேரம் மிச்சம் இருந்தது. முந்துவதற்கும் அதில் ஒன்றும் இல்லை. நான் அக்கறையாக எழுதுகிறபோது எதற்கு நிறுத்துவது என்று விட்டிருக்கிறார்கள்.

அட்டை செல்லும் என்று டாக்டர் சொன்னார். வெளிநாடு போய் வந்ததும், மாதேஸ் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கடைக்கு வந்து காட்டினார். ஒரே அட்டையில் என் பெயர் இரண்டு தடவை.

அதற்குப் பிறகும் நிறைய வருஷம் போட்டேன், பத்தைக் கழித்து. இப்போது அட்டை போய்விட்டது. போன் தவறாக எழுதாது, யார் பின்னாலும் முட்டை வண்டியில் ஓடவும் வேண்டாம். நல்லதுதான். ஆனாலும் நினைத்துப் பார்க்கிறேன். நேரத்தைத் துரத்திக்கொண்டு நூற்றைம்பது கிலோமீட்டர் மிதித்து வந்தவர்கள், படித்தவர்கள், வேர்வை சொட்டச் சொட்ட என் முன்னால் நிற்பார்கள், நான் என் பெயரின் ஆறாவது எழுத்துக்கு வந்து சேரும்வரை. அதற்கு முன்னால் யாரும் என் எழுத்துக்காக அப்படி நின்றதில்லை. நேற்று அந்தப் பெண் போன பிறகு பார்த்தேன், பேனாவை இன்னும் கையிலேயே வைத்திருந்தேன்.