மேமலைக்காரி

றக்வானையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் நான் பிள்ளை பார்க்கும் வேலை செய்தேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வரமாட்டார்கள். அங்கே பாய் விரித்து நாங்கள் நாலு பெண்கள் கதை விளையாடுவோம். கொழும்பில் கடை வேலை செய்த அண்ணன் வாங்கி வந்த, பாதி கிழிந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றைப் பார்த்து நான் கற்றுக்கொண்ட விளையாட்டு அது. ஒருத்தி கதை நடத்துவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். அது நடக்குமா நடக்காதா என்பதை லூடோ கட்டை முடிவு செய்யும்; பெரிய எண் விழுந்தால் நடக்கும். கதை நடத்துவது எப்போதும் நான்தான். அதிகாரம் பண்ண வேறு எங்கே எனக்கு இடம் கிடைக்கும்?

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோழி ஒருத்திதான் அதில் சூரப்புலி. கதைக்குள் சிறுத்தையை விரட்டுவாள், பேயோடு பேரம் பேசுவாள். வெளியே வந்தால் வாயைத் திறக்கமாட்டாள். ஓ லெவல் கணிதத்தில் இரண்டு தரம் பெயில். மறுபடி எழுதுவதா, அடுத்த மாதம் கொழுந்தெடுக்கப் பெயர் பதிவதா என்று வீட்டில் இழுபறி. அம்மா பதியச் சொன்னார். அவள் சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் பொறுக்கவில்லை.

கதையில் எல்லாவற்றையும் ஜெயித்து அவளுக்கு அலுத்துவிட்டது. போட்டிக்கு ஓர் ஆள் வேண்டும் என்று, எங்கள் தோட்டத்து மேலாளர் போல ஒரு துரையை உண்டாக்கினேன். குதிரை, தொப்பி, கையில் பிரம்பு. ஆற்றுக்கு அப்பால் கிடக்கும் நீலக்கல்லை அவளுக்கு முன்னால் எடுக்க வருகிறார்.

"ஒத்தையடிப் பாதையில தொரை எதிர்ல வாறாரு. என்ன செய்யிற?"

"காணுக்குள்ள எறங்கி நிக்கிறேன்."

யோசிக்கவே இல்லை. தோட்டத்து ரோட்டில் துரையின் வாகனம் வந்தால் ஓரத்துக் காணில், அந்த மழைத்தண்ணீர் வடிகாலில், இறங்கி வழிவிட்டே பழகிய கால்கள். பக்கத்திலிருந்த இன்னொருத்தியும் இறங்கி, மழைக்குத் தலையில் போட்டிருந்த கொங்காணிச் சாக்கையும் மரியாதைக்கு எடுத்துவிட்டதாகச் சொன்னாள். துரை கட்டை உருட்டாமலே கல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"அனே, அது காடுடி! காட்டுல ஏது காணு?" கீழ்க் கிராமத்திலிருந்து வரும் சிங்களத் தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

லயத்துத் தோழி சிரிக்கவில்லை. "கதையிலயும் காணுக்குள்ளதான் நிக்கணுமா? நான் இனி வரல" என்று எழுந்து போனாள்.

அந்த வாரம் முழுக்கத் தொட்டில் ஆட்டிக்கொண்டே யோசித்தேன். துரையைப் பார்த்தால் எங்களுக்குப் போட்டி எங்கே வரும், பயம்தான் வரும். போட்டிக்கு வருகிறவள் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி இருக்க வேண்டும். பார்த்ததும் பற்றிக்கொண்டு வர வேண்டும். அப்படிப் பிறந்தவள்தான் மேமலைக்காரி. மேல் டிவிஷன் லயத்துப் பெண், எங்கள் வயது, எங்களுடையது போலவே பிய்ந்த செருப்பு. வாய்க்கொழுப்பு மட்டும் கொஞ்சம் கூட.

அடுத்த ஞாயிறு, கோபித்துக்கொண்டு போனவளைக் கிராமத்துத் தோழி கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"ஆத்தங்கரையில மேமலைக்காரி ஒருத்தி நிக்கிறா. 'தள்ளு, மொத நான் போகணும்'ங்கிறா."

"யாருடி அவ? நான் எதுக்குத் தள்ளணும்?" நிமிர்ந்து உட்கார்ந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இருவரும் ஆற்றில் இறங்கினார்கள். தோழிக்குக் கட்டையில் ஒன்று விழுந்தது. வெள்ளம் அவளைக் கரைக்கே அடித்துத் தள்ளியது. மேமலைக்காரிக்காக நான் உருட்டினேன். அவளுக்கும் அதே கதிதான். ஆனால் எழுந்து, பாவாடையைப் பிழிந்துகொண்டு மறுபடி ஆற்றுக்கே நடந்தாள்.

"அவ முன்னயும் விழுந்திருக்காளா?"

"ரெண்டு தரம். ஒன்ன மாதிரி."

என்னைக் கூர்ந்து பார்த்தாள். நான் ஆற்றை மட்டும் சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. நல்லா வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று பயந்தேன். அவள் கட்டையை எடுத்துக் கைக்குள் குலுக்கினாள்.

"அவ எறங்குறப்போ நான் மட்டும் கரையில நிக்கவா?"

பெயர் பதியும் நாள் வந்தது. வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் அவள் அம்மா தனியாக நிற்பதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பிள்ளைக்காம்பரா வாசற்படியில் அவள் கணிதப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"மேமலைக்காரி இப்ப எது வரைக்கும் படிச்சிருக்கா?"

"ஒனக்கு ஒரு பாடம் முன்னுக்கு."

"திமிரு புடிச்சவ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தாள்.